1806-ஐ பிரிச்சுப் பாரு

கண்ணு,

நேத்து வீடியோ கால்ல பாப்பாவுக்கு ப்ரைம் நம்பர் சொல்லிக்குடுத்துக்கினு இருந்தியே, 1, 2, 3, 5, 7, 11னு அப்படியே மனப்பாடம் பண்ணிக்கோன்னு, அத கேட்டதுலருந்து எனக்கு மனசு ஆறல. மனப்பாடம் பண்ற விஷயமே இல்லடா அது.

நான் குடுத்தனுப்புன புளியில கொட்ட இருக்கும், எடுத்து அவ கையில குடு. 12 கொட்டைய சமமா அடுக்கச் சொல்லு, ரெண்டு வரிசையில ஆறாறா வரும், மூணு வரிசையில நாலு நாலா வரும். 13 குடுத்தா ஒரே நீட்டு வரிசதான், வேற எப்படி அடுக்குனாலும் மிச்சம் விழும். அப்படி அடங்காத நம்பருதான் ப்ரைம், அத அவளே கண்டுபிடிக்கட்டும், நீ வாயத் திறக்காத.

அப்புறம் 1-ஐ அந்த லிஸ்ட்ல சேக்காத. ஏன்னு கேப்பா, கேக்கணும். எந்த நம்பர எடுத்தாலும் ப்ரைம்களோட பெருக்கலா ஒரே ஒரு விதமாதான் பிரிக்க முடியும், 12ன்னா 2×2×3, உலகத்துல யார் பிரிச்சாலும் இதேதான். 1-ஐயும் ப்ரைம்னு விட்டா 1×2×2×3, 1×1×2×2×3னு முடிவே இல்லாம எழுதிக்கினே போலாம், அந்த ஒரே விதம்ங்கிற அழகே போயிடும்.

இப்ப நம்ம ஊரு கணக்கு ஒண்ணு. வேலூர் கோட்டையில சிப்பாய்ங்க எழுந்தது 1806 ஜூலை 10, அது உனக்கே தெரியும். அந்த 1806-ஐ பிரிச்சா 2×3×7×43. இதுல இன்னா விசேஷம்னா, 2-ஓட 1 கூட்டு, 3 வரும். 2×3 கூட 1 கூட்டு, 7. 2×3×7 கூட 1 கூட்டு, 43. எல்லாமே ப்ரைம். நாலையும் பெருக்குனா 1806, அதோட 1 கூட்டுனா 1807. இது ப்ரைம் இல்ல, நிறைய பேரு இங்கதான் தடுமாறுவாங்க, ஆனா 2, 3, 7, 43 எதால வகுத்தாலும் 1 மிஞ்சும், அப்ப அதுக்குள்ள இருக்கிறது புது ப்ரைமாதான் இருக்கணும் இல்லையா? இருக்கு, 13×139.

எத்தன ப்ரைம் கையில வச்சிருந்தாலும் பெருக்கி 1 கூட்டுனா புதுசா ஒண்ணாவது கெடச்சே தீரும், அதனால ப்ரைம்க்கு முடிவே கெடையாது. இத யூக்ளிட்ங்கிற கிரேக்கக் கணக்கு மேதை சுமார் 2300 வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாரு, எனக்கு இன்னிக்கும் இத நெனச்சா சிலுக்குது. 2024-ல கண்டுபிடிச்ச பெரிய ப்ரைம்க்கு 4 கோடிக்கு மேல இலக்கம், அதுக்கும் மேல இன்னும் இருக்கு.

பாப்பா விடலன்னா 1806-ஐயும் 1807-ஐயும் பெருக்கி 1 கூட்டச் சொல்லு, 32,63,443 வரும். அது ப்ரைம்தான். கம்ப்யூட்டர்ல சரி பாக்கலாம், 1806 வரைக்கும் இருக்கிற ப்ரைம்களால வகுத்துப் பாத்தா போதும், ஏன்னா 1807-ஐ 1807-ஆல பெருக்குனாலே இந்த நம்பர தாண்டிடும். அந்தக் காரணத்த மட்டும் அவ வாயாலயே சொல்ல வை, ஞாயித்துக்கிழம கால்ல நான் கேப்பேன்.

அம்மா