கும்பகோணம் கடைத்தெரு வர்த்தகர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2025-26

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. சாக்கடை அடைப்புக்காக மனு கொடுத்தோம். மறுபடியும் கொடுப்போம்.

இந்த ஆண்டு பெரும்பாலான கூட்டங்களில் பேச்சு செல்போனைப் பற்றித்தான். நம் ஊரில் தீபாவளி வியாபாரம் என்றால் குறுவை நெல் விற்ற பணம். ஜூன் 12ல் மேட்டூர் அணை திறந்தது, குறுவையும் விளைந்தது. ஆனால் அக்டோபர் மழையில் நெல் நனைந்து, பணம் கைக்கு வரத் தாமதமாகி, சுற்றுக் கிராமத்து ஆட்கள் பலர் கடைப்பக்கம் வரவேயில்லை. அந்த வாரம் சில பாத்திரக் கடைகளுக்கும் பட்டுக் கடைகளுக்கும் கைகொடுத்தது சென்னை, பெங்களூரிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர்கள். எல்லாக் கடைக்கும் வரவில்லை. ஏன் என்று உட்கார்ந்து பேசினோம்.

ஒரு பாத்திரக் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். கார்த்திகைக்கு முன் சென்னையிலிருந்து ஒரு அம்மா நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் படம் அனுப்பி, எடை என்ன, விலை என்ன என்று கேட்டிருக்கிறார். நம்மவர் 'நேரில் வாங்க, பார்த்துப் போட்டுத் தரலாம்' என்று பதில் போட்டார், அதுவும் மறுநாள் மத்தியானம். அதற்குள் அந்த அம்மா அடுத்த தெருக் கடையில் வாங்கிவிட்டார். அங்கே பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. விளக்கைத் தராசில் வைத்து, எடை தெரியும்படி படம் எடுத்து, பார்சல் கூலியும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லிவிட்டார்கள். முன்பு நாலு கடை ஏறி இறங்கியவர்கள் இப்போது அதை வீட்டிலிருந்தே முடித்துவிடுகிறார்கள். விலை சொல்லாத கடையில் ஏறுவதே இல்லை.

பொங்கல் வாழ்த்தை வாட்ஸ்அப் பிராட்காஸ்டில், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாகப் போகும்படி, அனுப்பினோம், ஒருவரும் பார்க்கவில்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். வாடிக்கையாளர் நம் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருந்தால்தான் அது போய்ச் சேரும். பில் போடும்போதே பதியச் சொல்லுங்கள். பதிந்த பிறகு தினமும் 'காலை வணக்கம்' ரோஜாப்பூ அனுப்பி பிளாக் வாங்கினால் சங்கம் பொறுப்பல்ல.

சங்க நிதியிலிருந்து ஒரு ஏஜென்சிக்குப் பணம் கொடுத்து இன்ஸ்டாகிராம் விளம்பரமும் செய்து பார்த்தோம். ஃபாலோயர்கள் மளமளவென்று ஏறினார்கள். யாரென்று பார்த்தால் பாதிப் பேர் தமிழே தெரியாதவர்கள். கல்லாவில் ஒன்றும் விழவில்லை. இதை முன்மொழிந்தது நான்தான்.

காசில்லாமல் நடந்த வேலைதான் பலித்தது. உறுப்பினர் ஒருவரின் மகள், கல்லூரி மாணவி, ஞாயிற்றுக்கிழமைகளில் கடை கடையாக ஏறி கூகுள் மேப்பைச் சரிபார்த்தார். ஒரு வெற்றிலைக் கடை மகாமகக் குளத்துக்கு நடுவில் இருந்தது! கும்பகோணம் வெற்றிலைக்கு 2025ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதைக் கேள்விப்பட்டுத் தேடி வருகிறவர் குளத்தில்தான் இறங்கியிருக்க வேண்டும்.

கடந்த மகாமகம் 2016 பிப்ரவரியில் நடந்தது. யுபிஐ அறிமுகமானது அந்த ஏப்ரலில். அன்று வந்த கூட்டம் வழி கேட்டு வந்து, ரொக்கம் கொடுத்து வாங்கியது. 2028ல் அடுத்த மகாமகத்துக்கு வருகிறவர்கள் யாரிடமும் வழி கேட்கப் போவதில்லை. அதற்குள் எல்லா உறுப்பினர் கடைகளின் இடம், திறக்கும் நேரம், போன் எண் மூன்றையும் மேப்பில் சரிசெய்வதாகத் தீர்மானம் போட்டிருக்கிறோம். அந்தப் பெண் பஸ் காசு கூட வாங்கவில்லை. சங்கத்தின் நன்றி.

அப்புறம், ஏஜென்சிக்குக் கொடுத்த தொகை எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொருளாளர் தமது கணக்கில் வாசிப்பார்.