கூட்டுக்கும் கேமராவுக்கும் நடுவே நூறு மீட்டர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் வெண்தலைக் கழுகுகளைப் படமெடுப்பது குறித்துச் சென்ற ஞாயிறு இதழில் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை, மேரிலாந்தில் வசித்துக்கொண்டு ஆண்டுதோறும் நவம்பரில் சஸ்குவஹன்னா ஆற்றின் கானவிங்கோ அணைக்குக் கேமராவோடு போகிறவன் என்ற முறையில் ஆவலுடன் படித்தேன். 'வழுக்கைக் கழுகு' என்று எழுதாமல் விட்டதற்கு நன்றி. அந்தத் தலையில் இருப்பது வழுக்கையல்ல, நான்கைந்து வயதில் வெளுத்துவிடும் இறகுகள்தாம். ஆனால், கூடு இருந்த மரத்தின் அடியிலேயே நின்று எடுத்த படத்தை 'இவ்வளவு அருகில்' என்று பாராட்டியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

குஞ்சு பொரிக்கும் பருவத்தில், கூட்டிலிருந்து பார்த்தால் கண்ணில் படும்படி நடமாடுகிறவர்கள் 330 அடி, அதாவது ஏறத்தாழ நூறு மீட்டர், விலகியிருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டு மத்திய வனவிலங்குத் துறை 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அடைகாக்கும் பறவை மிரண்டு எழுந்துவிட்டால், குளிர்காலம் முடியாத அந்த நாள்களில் முட்டை விறைத்துப்போக நெடுநேரம் ஆகாது. கூட்டைக் கைவிடும் அளவுக்குத் தொந்தரவு செய்வது 1940-ஆம் ஆண்டின் கழுகுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே ஒரு லட்சம் டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்கலாம். டி.டி.டி. பூச்சிமருந்தால் முட்டையின் ஓடு மெலிந்து, 1963-இல் அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான 48 மாநிலங்களில் கூடு கட்டிய இணைகள் 417 என்ற அளவுக்கு அருகிப்போன பறவை இது. 1972-இல் அம்மருந்து தடை செய்யப்பட்ட பிறகும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து வெளிவர 2007 வரை ஆயிற்று.

நல்ல படத்துக்குக் கூடுதான் வேண்டும் என்பதுமில்லை. கானவிங்கோவில் கூடுதல் தண்ணீர் திறக்கப்போவதாகச் சங்கு ஊதியதும், வரிசையாக நிற்கும் டிரைபாட்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும். டர்பைனில் அடிபட்டு மயங்கி வரும் மீனைத் தூக்கக் கழுகு கால்களை முன்னே நீட்டிக்கொண்டு இறங்கும். அதைப் பிடுங்க, தலை இன்னும் வெளுக்காத இளங்கழுகு ஒன்று பின்னாலேயே துரத்தும். மரத்தில் இருக்கும் பறவை முன்னால் சாய்ந்து எச்சமிட்டதென்றால் பறக்கப்போகிறது என்று ஷட்டரில் விரலை வைத்துவிடுவோம். (உடலின் கருமையை நம்பி ஒளியைக் கூட்டினால் தலை வெள்ளைக் காகிதமாகிவிடும், என் முதலாண்டுப் படங்கள் அத்தனையும் அப்படிப் போனவையே.) இவ்வளவும் பொதுமக்களுக்கான கரையில் நின்றபடியே, 600 மி.மீ. லென்ஸில் கிடைக்கிறது.

எனவே, இத்தகைய படங்களை இனி வெளியிடும்போது, எந்த லென்ஸில், எவ்வளவு தொலைவிலிருந்து எடுத்தது என்பதைப் படக்குறிப்பில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கூடு இருக்கும் இடத்தின் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.

இங்ஙனம்,
மேரிலாந்து வாசகர் ஒருவர்