குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகிகளே, உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வடிகால், தெருவிளக்கு சம்பந்தமாகக் கொடுத்த மனுக்களின் நகல் மேசையில் இருக்கிறது. இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது பிள்ளைகளின் சைக்கிள்தான்.

நவம்பரில் சென்னையில் 5.40 வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. டியூஷன் முடிந்து பிள்ளைகள் திரும்பும்போது நல்ல இருட்டு, கூடவே மழை. அப்படி ஒரு மாலையில் நம் உறுப்பினர் ஒருவரின் மகளைப் பின்னால் வந்த பைக் உரசிவிட்டது. முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. "சைக்கிளே தெரியலைங்க" என்று பைக் ஓட்டி வந்தவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சைக்கிளைப் போய்ப் பார்த்தேன். பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர் நன்றாகத்தான் இருந்தது. கேரியரில் கட்டிய புத்தகப் பை அதை முழுக்க மூடியிருந்தது.

அடுத்த ஞாயிறு இரவு நம் தெருவிலேயே ஒரு சோதனை செய்தோம். காரை நிறுத்தி ஹெட்லைட் போட்டு, பிள்ளைகளை எதிரே மெதுவாக ஓட்டிப் போகச் சொன்னோம். பெற்றோர் ஒவ்வொருவராக டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். சங்கம் வாங்கிய பளீர் பச்சை மேல்சட்டை பகலில் கண்ணைப் பறிக்கும். இரவில் மங்கலாகத்தான் தெரிந்தது. அந்தச் சாயம் பளிச்சிடப் பகல் வெளிச்சம் வேண்டும். இரவுக்கு ரிஃப்ளெக்டர் பட்டைதான். கணுக்காலில் சுற்றிய பட்டை எல்லோர் கண்ணிலும் முதலில் பட்டது. பெடலோடு அது ஏறி இறங்குவதால், வருவது சைக்கிள் என்று உடனே புரிந்துவிடுகிறது. ஒரு தாய் காரிலிருந்து இறங்கி, தன் மகனின் கருநீல மழைக்கோட்டைத் தடவியபடி வெகுநேரம் பேசாமல் நின்றார்.

அப்புறம் டைனமோ. சக்கரம் சுற்றினால்தான் அதில் விளக்கு எரியும். சிக்னலில் நின்றதும் விளக்கு அணைந்துவிடும், வண்டிகள் நெருக்கும் இடமே அதுதான். அதனால் பேட்டரி விளக்கு வாங்கச் சொல்லி வருகிறோம்.

கூடவே ஓட்டிப் போகும் பெற்றோர் பிள்ளைக்குப் பின்னால், சற்று வலப்புறமாக வாருங்கள். தண்ணீர் லாரி, பஸ் இவற்றின் இடப்பக்கம் புகுந்து போக வேண்டாம். அங்கே இருக்கும் சிறு பிள்ளை டிரைவர் கண்ணில் படாது.

ஜூனில் பள்ளி திறக்கிறது. பட்டை ரோல் என் வீட்டில் இருக்கிறது. பிள்ளையின் பையையும் மழைக்கோட்டையும் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து ஒட்டிவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்