உங்கள் கப்பலின் பின்பக்கக் கேபின் பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சொகுசுக் கப்பல் நிறுவனம், சென்னை அலுவலகம்.

பொருள்: ஆறாவது டெக் பின்பக்கப் பால்கனி கேபினுக்கு வாங்கிய கூடுதல் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆகஸ்ட் மாதம் சிங்கப்பூரில் கிளம்பி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பிய உங்கள் கப்பலில் நானும் என் மனைவியும் பயணம் செய்தோம். முன்பதிவு எண், பயணத் தேதி, பணம் கட்டிய ரசீது எல்லாம் இந்தக் கடிதத்தோடு தனித்தாளில் இருக்கின்றன. சாப்பாட்டிலோ சுத்தத்திலோ ஊழியர்கள் கவனித்துக்கொண்ட விதத்திலோ எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. என் புகார் எல்லாம் கப்பலின் பின்முனையில் எங்களுக்கு நீங்கள் கொடுத்த கேபினைப் பற்றித்தான். அது ராத்திரி படுத்துத் தூங்கக்கூடிய அறை இல்லை. அது உங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தும், சாதாரணப் பால்கனி கேபினைவிட இருவருக்கும் சேர்த்து 36,000 ரூபாய் அதிகம் வாங்கிக்கொண்டு அதைக் கொடுத்திருக்கிறீர்கள்.

முன்பதிவின்போது நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு மலைப்பாதையில் பஸ் ஏறினாலே தலை சுற்றும். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் விற்பனைப் பிரிவுக்குப் போன் செய்து, எந்த கேபின் ஆட்டம் குறைவாக இருக்கும் என்று கேட்டேன். கப்பல் நடுவில் கீழ் டெக்கில் எடுத்துக்கொள்ளட்டுமா என்றும் நானே கேட்டேன். "பின்பக்கம் எடுங்க சார், அதுதான் இருக்கறதுலயே அமைதியான இடம். பால்கனி பெருசு, கப்பல் போற தடம் முழுக்கத் தெரியும். பெரிய கப்பல், ஆட்டமே தெரியாது" என்று பதில் வந்தது. இதையே மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். வந்த மின்னஞ்சலில் "அமைதியான, தனிமையான பின்பக்கக் காட்சி" என்ற வரி இருக்கிறது. அதன் நகலையும் இணைத்திருக்கிறேன்.

சிங்கப்பூர் மரீனா பே முனையத்தில் இருந்து கப்பல் கிளம்பியபோது பால்கனியில் நின்று பார்த்தோம். நீங்கள் சொன்ன காட்சி உண்மைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளையாக நுரைத்துக்கொண்டு போகும் தடத்தை என் மனைவி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரச்சினை ராத்திரி சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பிய பிறகு ஆரம்பித்தது. கப்பல் வேகம் எடுத்ததும் பாத்ரூமில் பல்துலக்கும் பிரஷ் வைத்திருந்த கண்ணாடி டம்ளர் கிணுகிணு என்று அடிக்க ஆரம்பித்தது. டம்ளரை எடுத்துத் துண்டில் சுற்றி வைத்தேன். அப்புறம் அலமாரிக்குள் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதின. அவற்றையும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். அதற்குப் பிறகு, கூரைப் பலகைக்குள் கை எட்டாத ஏதோ ஒன்று விடியும்வரை கரகரத்துக்கொண்டே இருந்தது. இவை எல்லாம் சத்தம். சத்தத்தைவிடக் கொடுமை, கட்டிலே அதிர்ந்தது. தலையணையில் காதை வைத்தால் தாடை வழியாக அந்த அதிர்வு ஏறியது.

நான் கோயம்புத்தூரில் ஸ்பின்னிங் மில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓடுகிற மெஷின் மேல் உள்ளங்கையை வைத்துப் பேரிங் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வதுதான் என் பிழைப்பாக இருந்தது. அந்த அறைச் சுவரில் கை வைத்துப் பார்த்த நிமிடமே தெரிந்துவிட்டது, இது கடல் சத்தமும் இல்லை, காற்றும் இல்லை. ப்ரொபெல்லரின் ஒவ்வொரு இதழும் கப்பலின் அடித்தட்டுக்குப் பக்கத்தில் கடக்கும்போது தண்ணீரின் அழுத்தம் ஒரு முறை இரும்புத் தட்டை அடிக்கும். இதழ்களின் மேல் உண்டாகும் ஆவிக்குமிழ்கள் உடைவதும் அதோடு சேர்ந்துகொள்ளும். அந்த அடி நேராகப் பின்முனையின் கட்டமைப்பில் ஏறி, அங்கே இருக்கும் அறைகளுக்கு வருகிறது. வேகம் கூடினால் அதிர்வு கூடும். குறிப்பிட்ட ஒரு சுழற்சி வேகத்தில் அந்த இடத்து இரும்பின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனால் இன்னும் பலமடங்காகும். எங்கள் அறையில் நள்ளிரவுக்குப் பிறகு நடந்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது. வேகத்தைக் கொஞ்சம் மாற்றியபோது சட்டென்று பாதியாகக் குறைந்து, மறுபடி ஏறியது. இதெல்லாம் உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கப்பலைக் கட்டி முடித்ததும் கடலில் ஓட்டிப் பார்க்கும்போதே இடத்துக்கு இடம் அதிர்வை அளந்திருப்பார்கள். அந்த அளவு உங்கள் கையில் இருக்கிறது, விற்பனைப் பிரிவின் கைக்குத்தான் வரவில்லை.

பினாங்கு வந்த அன்று நடந்தது இன்னொன்று. விடிவதற்கு முன்பே, ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத் தளத்தில் கப்பலைக் கரையோடு சேர்ப்பதற்காக, கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் பின்பக்கத் திரஸ்டர்களை ஓட்ட ஆரம்பித்தார்கள். கற்கள் நிரம்பிய டிரம்மை யாரோ கட்டிலுக்கு அடியில் உருட்டுவது மாதிரி இருந்தது. அது ஓய்ந்ததும் எங்கள் காலுக்குக் கீழே, கயிற்றைச் சுற்றி இழுக்கும் இரும்பு வின்ச்சுகள் ஓட ஆரம்பித்தன. கயிறு இழுபடுவதும், ஆட்கள் கூப்பிடுவதும், கனமான எதையோ தரையில் போடுவதும் தெளிவாகக் கேட்டன. விசாரித்ததில், கப்பலைக் கட்டும் கயிறுகளும் வின்ச்சுகளும் இருக்கிற தளம் எங்கள் அறைக்கு நேர் கீழே என்று தெரிந்தது. நீங்கள் எங்களுக்கு அனுப்பிய டெக் வரைபடத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த இடம் வெறும் வெள்ளைக் கட்டமாக, எழுத்து எதுவும் இல்லாமல் இருக்கிறது. எங்கள் தலைக்கு மேலே இருந்த இடமும் அப்படித்தான். அது உணவகத்தின் சமையல் கூடத்தை ஒட்டிய ஊழியர் வழி. தள்ளுவண்டிகள் போய்வருகிற நேரமெல்லாம் எங்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வரைபடத்தில் நீச்சல்குளமும் மதுக்கூடமும் அழகாகப் பெயர் போட்டு இருக்கின்றன. தூக்கத்தைக் கெடுக்கிற இடங்களுக்குத்தான் பெயர் இல்லை.

அன்றைக்கு ஜார்ஜ் டவுனில் இறங்கி, குயீன் தெருவில் 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது என் மனைவியின் நீண்ட நாள் ஆசை. துறைமுகத்தில் இருந்து அதிகத் தூரம்கூட இல்லை. ராத்திரி முழுக்கக் கண் மூடாததால் அவளுக்கு எழுந்து நிற்க முடியவில்லை. கப்பல் நின்றிருந்த அந்தப் பகல்தான் அறையில் அதிர்வு இல்லாத நேரம். அவள் அப்போதுதான் தூங்கினாள், நானும் எழுப்பவில்லை. கப்பல் கிளம்பும்போது கோயிலைப் பார்க்காமலே கிளம்பினோம். இந்த ஒன்றுக்கு நீங்கள் எவ்வளவு பணம் திருப்பிக் கொடுத்தாலும் ஈடாகாது.

வரவேற்பு மேடையில் நான் புகார் சொல்லாமல் இருக்கவில்லை. முதல் நாள் ராத்திரியே போனேன். "கப்பல் என்றால் கொஞ்சம் சத்தம் இருக்கும்" என்று சொல்லிக் காதில் வைக்கும் பஞ்சு கொடுத்தார்கள். கட்டில் வழியாக எலும்பில் ஏறும் அதிர்வுக்குக் காதுப் பஞ்சு என்ன செய்யும்? மறுநாள் வேறு அறை கேட்டபோது கப்பல் நிரம்பிவிட்டது என்றார்கள். சரி, ஜன்னல் இல்லாத உள் அறை கிடைத்தாலும் போதும் என்றேன். அதற்கும், கட்டிய கூடுதல் பணம் திரும்ப வராது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் காத்திருப்போர் பட்டியலில் பெயர் சேர்ப்போம் என்றார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை.

சுமாத்திராவைத் தாண்டி அந்தமான் கடலுக்குள் நுழைந்த பிறகு நிலைமை மோசமானது. மலாக்கா நீரிணையில் சுமாத்திரா தீவு அலையைத் தடுக்கிறது. அதற்கு வடக்கே, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தியப் பெருங்கடலின் அலை தடையின்றி வரும். கப்பல் முன்னும் பின்னுமாக ஆடும்போது நடுப்பகுதி அதிகம் அசையாது, இரண்டு முனைகள்தான் மேலேறி இறங்கும். அதனால்தான் கப்பல் ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் நடுவில், தாழ்ந்த டெக்கில் இருக்க வேண்டும் என்று கப்பலில் வேலை செய்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் முதலில் கேட்டதும் அதே இடம்தான். உங்கள் ஆள்தான் எங்களைப் பின்முனைக்கு அனுப்பினார். புக்கெட்டில் பதோங் கரைக்குப் போகும் படகில் என் மனைவி ஏறவில்லை. கப்பல் மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அந்தச் செலவையும் எங்கள் கணக்கில்தான் ஏற்றினீர்கள்.

உங்களுக்கு இது தெரியும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்த இளைஞர், நான் கேட்பதற்கு முன்பே சட்டைப் பையில் இருந்து மடித்த அட்டைத் துண்டுகளை எடுத்து, அலமாரிக் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் செருகினார். அந்த வரிசை அறைகளுக்காகவே அந்த அட்டைகளை எப்போதும் வைத்திருப்பதாகச் சொன்னார். தயவுசெய்து அவர் யார் என்று தேட வேண்டாம். அந்தப் பயணத்தில் எங்கள் சிரமத்தைக் குறைக்க உண்மையாக முயன்றவர் அவர். அவர்மேல் நடவடிக்கை எதுவும் எடுத்தால் அதுவும் என் புகாரில் சேரும்.

பின்பக்கக் கேபின் எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்பதாவது டெக்கில், அதே பின்முனையில் தங்கியிருந்த திருச்சி தம்பதி ஒருவர் எங்களைத் தங்கள் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளரை நான் குனிந்து பார்த்தேன். மேல் பரப்பில் சின்ன நடுக்கம்தான் இருந்தது. வின்ச் சத்தம் அவர்களுக்குக் கேட்டதே இல்லையாம். மேலேயும் கீழேயும் ஆட்கள் தங்கும் அறைகள்தான். அவர்கள் கொடுத்த கூடுதல் கட்டணமும் எங்களுடையதும் ஒன்றே. எனக்கு ஆத்திரம் வந்தது அப்போதுதான். இரண்டும் வேறு வேறு சரக்கு. ஒரே பெயரை ஒட்டி, ஒரே விலையில் விற்கிறீர்கள். யாருக்கு எது வாய்க்கிறது என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் இரைச்சல் விதிகள் 2014 ஜூலை முதல் புதிய கப்பல்களுக்குக் கட்டாயம். 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலில் மாலுமிகள் தூங்கும் அறையில் 55 டெசிபலுக்கு மேல் இரைச்சல் இருக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. உழைக்கிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டியதுதான். ஆனால் அந்த விதி பயணிகளின் கேபின்களுக்குப் பொருந்தாது. விதி இல்லாத இடத்தில் விற்கிறவரின் வாய்வார்த்தையை நம்பித்தான் நாங்கள் பணம் கட்டுகிறோம். அந்த வார்த்தை உண்மையாக இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகமா?

நான் கேட்பது இதுதான். கூடுதலாக வாங்கிய 36,000 ரூபாயையும், கப்பல் மருத்துவருக்குக் கட்டிய தொகையையும் திருப்பிக் கொடுங்கள். அடுத்த பயணத்தில் தள்ளுபடி கூப்பன் என்று எழுதி அனுப்ப வேண்டாம், வாங்க மாட்டேன். அப்புறம், டெக் வரைபடத்தில் வின்ச் தளம், சமையல் கூடம், ஊழியர் வழி எல்லாவற்றையும் பெயர் போட்டுக் காட்டுங்கள். ஆறாவது டெக்கின் பின்பக்க வரிசையை விற்கும்போது, துறைமுகத்தில் நுழையும் நேரம் சத்தமும் அதிர்வும் இருக்கும் என்று எழுதுங்கள். அதைப் படித்துவிட்டும் காட்சிக்காக எடுப்பவர்கள் இருப்பார்கள், அது அவர்கள் விருப்பம். விலையையும் அதற்குத் தகுந்தபடி குறைத்துவிடுங்கள். பயண ஒவ்வாமை இருக்கிறது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், அவரை நடுப்பகுதிக்கு அனுப்ப உங்கள் விற்பனை ஆட்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். இதற்குச் செலவே இல்லை.

வழக்கு எல்லாம் வெளிநாட்டு நீதிமன்றத்தில்தான் என்று டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ஆனால் சென்னை அலுவலகத்தில் பணம் வாங்கி விற்றது நீங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். இந்தக் கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துமூலமான பதில் வராவிட்டால், கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். உங்கள் மின்னஞ்சலின் நகல், டெக் வரைபடம், கைப்பேசியில் அந்த அறையில் எடுத்த வீடியோ, வரவேற்பு மேடையில் பதிவான என் புகாரின் நகல், மருத்துவர் ரசீது ஆகியவை தயாராக இருக்கின்றன.

பணத்தை முன்பதிவுக்குப் பயன்படுத்திய அதே வங்கிக் கணக்கில் செலுத்தலாம். பேச வேண்டும் என்றால் காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள். பேசியதை அன்றே மின்னஞ்சலிலும் எழுதி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆறாவது டெக் பின்பக்கக் கேபின் பயணி,
கோயம்புத்தூர்.