மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் முதுமை பற்றிய கட்டுரையில், வயதானால் தசை தளர்வது இயற்கை என்றும், உடம்புக்கு முடியாதபோது படுக்கையை விட்டு எழாமல் ஓய்வெடுப்பதே நல்லது என்றும் எழுதியிருந்தீர்கள். முதலாவதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். பெங்க்ட் சால்டின் என்ற ஆராய்ச்சியாளரைப் பற்றி உங்கள் வாசகர்கள் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

1935இல் பிறந்த ஸ்வீடன்காரர் அவர். 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், அவரும் உடன் பணியாற்றிய மருத்துவர்களும் இருபது வயதை ஒட்டிய ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்தார்கள். நோய்நொடி இல்லாத பிள்ளைகள். எழுந்தபின் ஓட வைத்து அளந்தபோது, உச்ச உழைப்பில் உடம்பு பயன்படுத்தும் ஆக்சிஜனின் அளவு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தம் அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது. பிறகு சுமார் எட்டு வாரம் கடும் பயிற்சி கொடுத்தார்கள், இழந்தது திரும்பியது.

முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரும் மறுபடி சோதனைக்கு வந்தார்கள். தொந்தி விழுந்த ஐம்பது வயதுக்காரர்கள். உடற்கொழுப்பு இரு மடங்காகியிருந்தது. அப்படியிருந்தும், முப்பது ஆண்டு மூப்பு அவர்களிடமிருந்து பறித்ததைவிட இருபது வயதில் அந்த மூன்று வாரப் படுக்கை பறித்தது அதிகம் என்று தெரிந்தது. இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சோதனை அதோடு முடியவில்லை. ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததில், இருபது வயதில் படுக்கைக்கு முன் இருந்த ஆக்சிஜன் அளவை ஐவரும் சராசரியாக மீண்டும் எட்டினார்கள்.

தடித்த ஊசியால் தொடையிலிருந்து அரிசிமணி அளவு தசையை எடுத்து ஆராயும் முறையை பெர்க்ஸ்ட்ரம் என்ற ஸ்வீடன் மருத்துவர் 1962இல் கொண்டுவந்தார். அந்த முறையால் தசையில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தை அளந்து, அவரும் சால்டினும் வேறு இருவரும் 1967இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு மிகுந்த உணவு உண்டவர்கள் சைக்கிள் மிதித்து ஓய்ந்துபோக ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஆனது. மாவுச்சத்து உணவு உண்டவர்கள் இரண்டே முக்கால் மணி நேரம் தாங்கினார்கள். விளையாட்டு விழா நாளில் வெறும் வயிற்றோடு ஓட வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

பின்னர் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் சால்டின் செய்த சோதனை ஒன்று எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காலை மட்டும் திரும்பத் திரும்ப முன்னால் உதைக்க வைத்து, தொடையின் முன்தசைக்கு எவ்வளவு ரத்தம் பாய்கிறது என்று 1985இல் அளந்து காட்டினார். அதுவரை எண்ணியிருந்ததைவிட மிக அதிகம். எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் அவ்வளவு கேட்டால் இதயத்தால் கொடுத்துத் தீராது.

என் தாயாருக்கு எண்பத்திரண்டு வயது. சென்ற ஆண்டு வரை வாசலில் குந்தி உட்கார்ந்து கோலம் போட்டவர். காய்ச்சலென்று மருத்துவமனையில் சேர்த்தோம். பன்னிரண்டு நாள் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. காய்ச்சல் போய்விட்டது. வீடு திரும்பியவரைக் கழிப்பறையிலிருந்து தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. தொடையைப் பிடித்தால் புடவைக்கடியில் எலும்புதான் தட்டுப்பட்டது.

இயன்முறை மருத்துவர் கொடுத்த முதல் பயிற்சி, நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக நீட்டி மடக்குவது. அதே தசை, ஏறக்குறைய அதே அசைவு. அடுத்து, இரண்டு தலையணை போட்டு உயர்த்திய நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது. ஆறாம் வாரம் ஒரு தலையணையை எடுத்தோம்.

சில நோய்களில் அசையாமல் படுத்திருக்கத்தான் வேண்டும். அதை மருத்துவர் சொல்லட்டும். மற்றவர்களைக் கட்டிலோரமாகவாவது உட்கார வைக்கலாமா, நிற்க வைக்கலாமா என்று சேர்த்த நாளிலேயே வீட்டார் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. இந்த வேலையில் ஆயுளைக் கழித்தவனுக்கே அப்போது தோன்றவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது. அடுத்த இதழில், அதே கட்டுரை வந்த பக்கத்திலேயே, இதை வெளியிட்டு உதவுங்கள்.

அம்மா இன்று காலை இரண்டாவது தலையணையையும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கும்பகோணம்.