எங்கள் மகளிர் பின்னல் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவி அவர்களே, பொருளாளர் அவர்களே, பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் அக்கா தங்கச்சிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

2024 ஜூன் முதல் 2025 மே முடிய உள்ள ஓராண்டு அறிக்கையை வாசிக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வாடைக்காற்று மழையில் மட்டும் தள்ளிப்போயின. நிர்வாகக் குழுவில் மாற்றம் இல்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஈஸ்டர் காலத்து வேலையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த ஆண்டு திருநீற்றுப் புதன் மார்ச் 5, ரம்ஜான் மார்ச் 31, குருத்து ஞாயிறு ஏப்ரல் 13, ஈஸ்டர் ஏப்ரல் 20. இடையில் ஏப்ரல் 15 அன்று விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. பிள்ளைகளின் முழு ஆண்டுத் தேர்வும் அதே நாட்களில்தான். தொழுகைத் தொப்பி, தேவாலயப் பீடத் துணிக்கான ஓரப் பின்னல், ஞானஸ்நானக் குல்லா மூன்றுக்கும் வேண்டியது வெள்ளைப் பருத்தி நூல். ஒரே பெட்டி நூலை மூன்று வேலைக்கும் பங்கு போட்டால் கடைசியில் ஏதாவது ஒன்று பாதியில் நிற்கும். வேறு கடையில் வாங்கி ஒட்டுப்போட்டால் வெள்ளையே இரண்டு வெள்ளையாகத் தெரியும். லேபிளில் இருக்கும் லாட் எண் (ஒரே தடவையில் தயாரான நூலுக்குப் போடும் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து, ஒரு வேலைக்கு உரிய நூல் மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்குவதுதான் வழி.

எவ்வளவு வாங்குவது? முதல் உருண்டையை எடை போட்டுக் குறித்துக்கொண்டு, 20 செ.மீ. பின்னிவிட்டு மறுபடி எடை போடுங்கள். குறைந்த கிராமை வைத்து முழு நீளத்துக்கும் கணக்குப் போட்டு, அதோடு பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். கண்மதிப்பு இங்கே உதவாது.

தொப்பி வேலை முதலில் முடிந்தது. 20 நம்பர் மெல்லிய நூல், 1.25 மி.மீ. குரோஷா கொக்கி ஊசி. உச்சி வட்டம் தட்டையாக வர ஒரு கணக்கு உண்டு: சிங்கிள் (குட்டையான கண்ணி) என்றால் சுற்றுக்கு 6, டபுள் (ஊசியில் நூலை ஒரு தடவை சுற்றிப் போடும் உயரமான கண்ணி) என்றால் சுற்றுக்கு 12 கண்ணி கூட்ட வேண்டும். குறைவாகக் கூட்டினால் வட்டம் கிண்ணமாகக் குழியும். அதிகமானால் ஓரம் அலையடிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்துக்கு நேர் மேலேயே கூட்டினால் வட்டம் பலகோணமாகிவிடும். இடத்தை மாற்றி மாற்றிக் கூட்டுங்கள். எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலருக்கும் தடுமாற்றம். தலைச் சுற்றளவு 56 செ.மீ. என்றால் 1 செ.மீ. கழித்து 3.14 ஆல் வகுத்தால் 17.5 செ.மீ. வரும். வட்டத்தின் விட்டம் அந்த அளவைத் தொட்டதும் கூட்டுவதை நிறுத்திவிட்டு நேராகச் சுற்றினால் சுவர் இறங்கும். ஆறு மாதக் குழந்தையின் குல்லாவுக்கும் இதே கணக்குத்தான். தலை 43 செ.மீ. என்றால், 4 பிளை (நாலு இழை) நூல் இழுபடும் என்பதால் 2 செ.மீ. கழித்து, 13 செ.மீ. விட்டத்தில் நிறுத்தலாம்.

அடுத்து பீடத் துணி. இந்த ஆண்டின் பெரிய வேலை இதுதான். இதை விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய வியாழன் திருப்பலி முடிந்ததும் பீடத்தின் துணிகளை அகற்றிவிடுவார்கள். மறுபடி முழுமையாக விரிப்பது பாஸ்கா திருவிழிப்புக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாட்டுக்கு. புதுத் துணி தயாராகி நிற்க வேண்டியது அந்தச் சனிக்கிழமை. முன்பக்கம் மட்டும் தொங்கும் 15 செ.மீ. அகலக் கட்டப் பின்னலாகவே (சதுரக் கட்டங்களால் உருவம் வரும் பின்னல்) இதைச் செய்தோம். மூன்று பக்கமும் சுற்றி வரும் பின்னலுக்கு மூலையில் கூடுதல் நீளம் வேண்டும்: வெளி ஓரம் தட்டையாகத் திரும்ப ஒவ்வொரு மூலைக்கும் அகலத்தைப் போல் இரு மடங்கு, அதாவது 30 செ.மீ. இதை விட்டுவிட்டால் மூலை உள்பக்கமாகச் சுருட்டிக்கொள்ளும். முன்பக்கம் மட்டும் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

கட்டப் பின்னலில் ஒரு கட்டத்துக்கு மூன்று கண்ணி. கடைசியில் அடைக்க ஒன்று. 30 கட்ட அகலத்துக்கு 91 கண்ணி. முதல் கட்டம் அடைத்த கட்டமாக (டபுளால் நிரப்பியது) இருந்தால் 93 செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு, ஊசியிலிருந்து நாலாவது செயினில் முதல் டபுள். முதல் கட்டம் திறந்த கட்டமாக (நடுவில் இரண்டு செயின் மட்டும் விட்டது) இருந்தால் 95 செயின் போட்டு, எட்டாவது செயினில் டபுள். எந்த அகலத்துக்கும் இதுவே விதி: கட்ட எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி, அடைத்ததற்கு 3, திறந்ததற்கு 5 கூட்டுங்கள்.

இரண்டு மீட்டர் நீளத்தையும் ஒரே வரிசையில் செயின் போட்டுத் தொடங்கும் பழக்கம் நம்மில் இன்னும் இருக்கிறது. வேண்டாம். 400 கட்டத்துக்கு 1,200க்கு மேல் கண்ணி எண்ண வேண்டும். அடுப்பில் உலை கொதித்தால் எண்ணிக்கை போய்விடும். பீடத்தின் அளவு இரண்டு விரற்கடை தவறியிருந்தாலும் முழுவதையும் பிரிக்க வேண்டும். அகலவாக்கில் தொடங்கி நீளத்தில் வளர்த்தால் எந்த நேரமும் ஊசியைக் கீழே வைக்கலாம், நீளம் போதாவிட்டால் சில வரிசை சேர்க்கலாம், மிஞ்சினால் பிரிக்கலாம். வைக்கும்போது லூப்பில் ஒரு ஊக்கு மாட்டிவிட வேண்டும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது கட்டாயம்.

பின்னலில் ஆட்டுக்குட்டி உருவம் எடுத்தவர்களுக்குக் கால் நீண்டுபோவது பொதுவான குறை. காரணம், கட்டம் சதுரமாக விழாமல் உயரமாக விழுவது. ஊசியை மாற்றினால் அகலமும் சேர்ந்தே மாறும், பயனில்லை. டபுள் போடும்போது கண்ணிக்குள்ளிருந்து முதலில் இழுக்கும் லூப்பை எவ்வளவு உயரம் தூக்குகிறோம் என்பதில்தான் சூட்சுமம். அதைத் தாழ்த்தி இழுத்தால் வரிசை குட்டையாகும். தொடங்கும் முன் பத்துக்குப் பத்துக் கட்டம் ஒரு மாதிரி பின்னி அளந்து பாருங்கள். 20 நம்பர் நூலில் ஏறக்குறைய 5 செ.மீ. வரும். நீளமும் அகலமும் ஒன்றாக வந்தபின் உருவத்தைத் தொடங்கலாம். வலையில் கண்ணி அளவு பார்த்துப் பழகிய கைகளுக்கு இது விரைவில் பிடிபடுகிறது. ஒரே பட்டையை இரண்டு பேர் மாறி மாறிப் பின்னக் கூடாது. கை இறுக்கம் மாறும் இடம் பீடத்தில் தொங்கும்போது பளிச்சென்று தெரியும்.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை, இதைத்தான் ஒவ்வொருவரும் மனதில் வைக்க வேண்டும். புதுப் பருத்தித் துணியை இரண்டு தடவை நனைத்து அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். பின்னலையும் துவைத்த பிறகே அளக்க வேண்டும். கஞ்சியோடு இருக்கும் கடைத் துணியில் அப்படியே தைத்தால், முதல் துவைப்பில் துணி சுருங்கும், பின்னல் சுருங்காது. ஓரம் முழுக்கக் கொசுவம் விழும். அதற்குப் பிறகு பிரித்துத் தைப்பதைத் தவிர வேறு பரிகாரம் இல்லை. தைக்கும்போது துணியையும் பின்னலையும் தரையில் தட்டையாக விரித்து, நடுவிலும் கால் பாகங்களிலும் முதலில் ஊசி குத்திக்கொண்டு, பிறகு கட்டத்துக்கு ஒரு தையலாகக் கையால் தையுங்கள். மெஷின் ஊசி நூலை அறுத்துவிடும். கையால் தைத்தால் இன்னொரு நன்மை, துணி நைந்தபின் பின்னலைப் பிரித்துப் புதுத் துணியில் வைக்கலாம். துணியைவிடப் பின்னலுக்கு ஆயுசு அதிகம்.

துவைத்தல், கஞ்சி போடுதல். நம் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் சோப்பு நுரைக்காது, கரையாமல் நூலுக்குள் தங்கி, அடுத்த ஆண்டு எடுக்கும்போது மஞ்சளடிக்கும். முதல் அலசல் எதில் வேண்டுமானாலும் இருக்கட்டும், கடைசி அலசல் காவிரிக் குடிநீரில். கஞ்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை ஊறவைத்து, கண்ணாடி போல ஆகும்வரை காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் கட்டத்துக்குக் கட்டம் மணி மணியாக ஒட்டும். நீலம் போடுவதென்றால் தனி வாளியில் நன்றாகக் கலக்கியபின் நனைக்க வேண்டும். நேராகச் சொட்டினால் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். சர்க்கரைப் பாகு போட்டு விறைப்பாக்கும் முறையை நான் ஏற்கவே மாட்டேன். எறும்பும் கரப்பானும் ஒரே ராத்திரியில் வேலையைக் கெடுத்துவிடும்.

நனைத்த பின்னலைத் தெர்மாகோல் பலகையில் பிளாஸ்டிக் தாள் விரித்து, கோடு போட்ட அளவுக்கு இழுத்து, குண்டூசி குத்திக் காயவைக்க வேண்டும். குண்டூசி துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்க வேண்டும். சாதா ஊசி நம் உப்புக்காற்றில் ஒரே ராத்திரியில் பழுப்புப் பொட்டு வைத்துவிடும். துருக்கறை பட்டால் பிளீச்சிங் போடாதீர்கள், கறை இன்னும் இறுகும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, பிறகு நன்றாக அலசினால் போகும். காயவைக்கும் இடம் கருவாட்டுக் களத்துக்குக் காற்றடிக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கஞ்சி ஈரத்தில் வாடையும் ஈயும் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலக் கடல்காற்று ஈரத்தோடு ஏறும் முன், மூன்று மணிக்கெல்லாம் உள்ளே எடுத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் குறைந்தது மூன்று பகல் வேண்டும். பெரிய வாரத்தில் வீட்டிலும் கோயிலிலும் எவ்வளவு வேலை என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் குருத்து ஞாயிறோடு பின்னலை முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரிய வெள்ளி இரவில் உட்கார்ந்து பின்னி, அவசரக் கஞ்சி போட்டு, ஈரத்தோடு விரித்த பின்னல் துவண்டுதான் தொங்கும்.

ஞானஸ்நானக் குல்லாவுக்கும் சட்டைக்கும் பருத்தி நூல் மட்டுமே. கடையில் உல்லன் என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக். சந்தேகம் வந்தால் ஒரு துண்டு நூலை நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகித வாசனையோடு எரிந்து சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு முத்தாக இறுகும். நம் ஏப்ரல் வெயிலில் அக்ரிலிக் குல்லா போட்ட குழந்தைக்கு வேர்க்குரு வரும். இஸ்திரிப் பெட்டி பட்டாலும் அது பளபளத்துப் படிந்துவிடும். குல்லாவின் கயிறு தாடைக்கடியில் ஒரு முடிச்சுப் போடும் அளவு இருந்தால் போதும். நீளமான கயிறு குழந்தையின் கழுத்தில் சுற்ற இடம் உண்டு.

பிள்ளைகளுக்காக முட்டை உறையும் மஞ்சள் கோழிக்குஞ்சும் செய்தோம். முட்டை உறை ஒரு மாலை வேலை: 2.5 மி.மீ. ஊசி, மெல்லிய பருத்தி நூல், 6, 12, 18, 24, 30 என்று ஐந்து சுற்று சிங்கிள், அதன்பின் ஏழு சுற்று நேராக. உறை இழுபட்டு முட்டையைப் பிடித்துக்கொள்ளும். அவித்த முட்டை நன்றாக ஆறி, ஈரம் துடைத்தபின் போட வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கைக்குப் போகும் குஞ்சுக்கு மணிக்கண் வைக்காதீர்கள். கறுப்பு நூலால் கண் தைத்துவிடுங்கள். சிவப்பு, ஊதா நூல் சேர்ப்பதாக இருந்தால் முதலில் ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா பாருங்கள்.

கோடை விடுமுறையில் சிறுமிகளுக்கு இரண்டு ஊசி நிட்டிங் சொல்லிக்கொடுத்தோம். 10 நம்பர் ஊசியில் முகம் துடைக்கும் சதுரத் துண்டு: 4 கண்ணியில் தொடங்கி, வரிசைக்கு ஒன்றாகக் கூட்டி 46 வரை போய், அதேபோல் குறைத்து வருவது. கூட்டலும் குறைத்தலும் இரண்டும் ஒரே துண்டில் கைக்கு வந்துவிடும்.

ஊசிகளைப் பற்றி: ஸ்டீல் ஊசியை வேலை முடிந்ததும் வியர்வை போகத் துடைத்து, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் தடவிப் பொதிந்து வையுங்கள். மறுபடி எடுக்கும்போது எண்ணெயை நன்றாகத் துடைத்து, முதலில் பழைய நூலில் நாலு வரிசை போட்டுப் பாருங்கள். அலுமினிய ஊசி வெள்ளை நூலில் சாம்பல் நிறம் ஏற்றும். பீட வேலைக்கு அது ஆகாது. முடிந்த பின்னலை எடுத்துவைக்கும் முன் கஞ்சியை முழுதாக அலசிவிட்டு, மடிக்காமல் குழாயில் சுற்றி, பருத்தித் துணியில் பொதிய வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் அடைந்து பூஞ்சணம் பூக்கும்.

வரும் 2026இல் ஈஸ்டர் ஏப்ரல் 5. இந்த ஆண்டைவிட இரண்டு வாரம் முன்னதாக வருகிறது. திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18, குருத்து ஞாயிறு மார்ச் 29. ரம்ஜானும் மார்ச் மூன்றாம் வாரத்தை ஒட்டி வரும் என்பதால் தொப்பிக்கும் பீடத் துணிக்கும் ஆட்களை முன்கூட்டியே பிரித்துவிட வேண்டும். தடைக்காலம் ஈஸ்டருக்குப் பிறகு வருவதால் அடுத்த ஆண்டு பண்டிகைக்கு முன் விசைப்படகு வீடுகளில் கையில் காசு இருக்கும். ஆனாலும் நூலைப் பொங்கல் கழிந்ததுமே சங்கப் பணத்தில் வாங்கிப் பங்கிடலாம் என்று முன்மொழிகிறேன். பீட அளவை ஜனவரியிலேயே ஒருவர் நேரில் போய் டேப் வைத்து எடுத்து வரட்டும். துணி நனைத்துச் சுருக்கும் வேலை பிப்ரவரி முதல் வாரம். பின்னல் மார்ச் 29 உடன் நிறுத்தம்.

இந்த நான்கு முன்மொழிவுகளையும் அறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். தொப்பிப் பிரிவுக்கும் பீடத் துணிப் பிரிவுக்கும் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இன்றே பொருளாளரிடம் எழுதிக்கொடுக்கலாம்.

செயலாளர்