அந்த ஒரு படத்தையும் சேர்த்து எடுங்கள்

நரம்பியல் மருத்துவர்களுக்கும், ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம். என் அப்பா 31 வருஷம் பஸ் கண்டக்டர். ஓடுகிற வண்டியில் நின்றபடியே சில்லறை எண்ணியவர். போன ஆடியில் பால்காரர் முன்னால் ஐம்பது ரூபாய் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். மீதி எவ்வளவு என்று தெரியவில்லை. மூன்று வாரமாகவே தலைவலி வேறு.

முதலில் போன மருத்துவமனையில் சி.டி. எடுத்தார்கள். ஒரு பக்கம் வீக்கம். “சின்ன ஸ்ட்ரோக், வயசு 72 இல்லையா” என்று ஆஸ்பிரின் எழுதினார்கள். பத்தாம் நாள் வலிப்பு வந்தது. மாத்திரையால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கசிகிற ரத்தக்குழாய் உள்ளவருக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கிற அந்த மாத்திரை ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அடுத்த மருத்துவர் எம்.ஆர்.ஐ.யில் எஸ்.டபிள்யூ.ஐ. என்கிற தனி வகைப் படத்தையும் சேர்க்கச் சொன்னார். பழைய ரத்தக் கசிவு விட்டுப்போன இரும்பு அதில் கறுப்பாகத் தெரியுமாம். திரையில் காட்டினார். மூளையின் ஓரமெல்லாம் கடுகு தெறித்த மாதிரி புள்ளிகள்.

அல்சைமர் நோயில் படிகிற அதே அமிலாய்டு புரதம் அப்பாவுக்கு ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்திருந்தது. வயதானவர்கள் பலருக்கு அது உண்டு. சிலருக்கு மட்டும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதைத் தாக்கப் போய், குழாயைச் சுற்றி அழற்சி வருகிறது. அரிதான நோய்தான், சரி. ஆனால் மூளையிலிருந்து சதை எடுக்காமல், அறிகுறியையும் படத்தையும் வைத்தே ‘அநேகமாக இதுதான்’ என்று சொல்வதற்கான அளவுகோல் 2016லேயே வெளியாகிவிட்டதே!

மெத்தில்பிரட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு, தினம் 1 கிராம், ஐந்து நாள். சர்க்கரை ஏறி இன்சுலின் போட வேண்டி வந்தது. நாலாம் நாள் கேன்டீன் பையன் தந்த மீதியை எண்ணிவிட்டு அப்பா சொன்னார்: “அஞ்சு ரூபா குறையுதுப்பா.”

அதனால் கேட்கிறேன். சில வாரங்களில் ஒருவர் ஆளே மாறிப்போய், தலைவலியும் ஒரு பக்க வீக்கமும் இருந்தால், ஆஸ்பிரினுக்கு முன்னால் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். ரிப்போர்ட்டில் ‘வயது காரணமான மாற்றம்’ என்று முடிக்காமல் புள்ளிகள் எங்கே, எத்தனை என்று எழுதுங்கள்.

இப்போது ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறோம். நோய் திரும்பவும் வரலாம் என்றிருக்கிறார்கள். அடுத்த மாதம் மறுபடி எம்.ஆர்.ஐ. வீட்டுப் பக்கத்து மையத்துக்குப் போன் போட்டு எஸ்.டபிள்யூ.ஐ. எடுப்பீர்களா என்று கேட்டேன். “டாக்டர் எழுதிக் கொடுத்தாத்தான் மேடம்” என்றார்கள்.

இப்படிக்கு,
ஒரு கண்டக்டரின் மகள்